கடைசியில் குறையும் எண்

“எத்தன பாயிண்டு இருக்கு தம்பி?” ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் கேட்பது இதைத்தான். எட்டு பாயிண்ட் என்றால் கம்மி, பத்து என்றால் பரவாயில்லை, பன்னிரண்டு என்றால் வீட்டுக்குப் போகலாம். டாக்டர்களிலும் பலர் அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. எண்பதுகளின் நடுவில், தேனி தனி மாவட்டமாக ஆவதற்கு முன், அந்தப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு தனியார் லேபிலும் சில காலம் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று உறுதி. இரும்புச்சத்துக் குறையும்போது அந்தப் பாயிண்ட், அதாவது ஹெச்.பி. என்னும் ஹீமோகுளோபின் அளவு, கடைசியாகத்தான் இறங்கும். நாங்களோ அதை மட்டும் அளந்தே பாதிக் காலத்தைக் கழித்தோம்.

அன்றைக்கு இருந்தது சாலி ஹீமோகுளோபினோமீட்டர். கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. இரண்டு பக்கமும் பழுப்புக் கண்ணாடி, நடுவில் குறி போட்ட குழாய். குழாயில் 20 என்ற குறி வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவோம். விரலைக் குத்தி முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டிலிருந்து பிப்பெட்டில் 20 மைக்ரோலிட்டர் எடுப்போம். பிப்பெட்டின் வெளிப்பக்கத்தைப் பஞ்சால் துடைத்த பிறகே அமிலத்தில் விட வேண்டும். சிவப்பு மெல்லப் பழுப்பாகும். பத்து நிமிடம் பொறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் குழாயின் நிறமும் பக்கத்துக் கண்ணாடியின் நிறமும் ஒன்றாகும். தண்ணீர் நிற்கும் குறிதான் ரீடிங்.

சிக்கல் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது. கர்ப்பிணிகள் வரும் நாளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பத்து நிமிடம் ஐந்தாகச் சுருங்கும். நிறம் முழுதாக மாறாமல் பார்த்தால் ரீடிங் குறைவாக வரும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தவருக்கு ஓர் எண், டியூப் லைட்டில் பார்த்தவருக்கு இன்னோர் எண். ஒரே ரத்தத்தில் இரண்டு டெக்னீசியன்களுக்கு ஒரு கிராம் வித்தியாசம் வருவது சாதாரணம். ஆறா ஏழா என்பதில் பெரிய சேதமில்லை, இரண்டுமே கடும் குறைவுதான். ஆனால் கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று வைத்திருக்கும்போது, பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே எங்கள் கண் தடுமாறியது. யாருக்குச் சிகிச்சை, யாருக்கு வழக்கமான சத்து மாத்திரை என்று பிரிக்கும் இடமே அதுதான்.

பிறகு கலரிமீட்டர் வந்தது. டிராப்கின் கரைசல் 5 மில்லி, ரத்தம் 20 மைக்ரோலிட்டர், 540 நானோமீட்டருக்கான பச்சை ஃபில்டர், ஊசி காட்டும் எண். அந்தக் கரைசலில் பொட்டாசியம் சயனைடு உண்டு. அதனால் பூட்டிய அலமாரியில் இருக்கும். அதை வாயால் உறிஞ்சக் கூடாது, அமிலம் ஊற்றிய தொட்டியில் கொட்டக் கூடாது என்பதை முதல் நாளே புதியவர்களுக்குச் சொல்லிவிடுவோம். கண்ணின் தடுமாற்றம் இதோடு தீர்ந்தது. கையின் தடுமாற்றம் மிச்சமிருந்தது.

வார்டிலிருந்து ரத்தம் வருவது பழைய பெனிசிலின் பாட்டில்களில். அவற்றைக் கழுவி, ஈ.டி.டி.ஏ. கரைசலை அளந்து விட்டு, அடுப்பில் உலர்த்தி நாங்களே அனுப்புவோம். பாட்டில் மேஜையில் அரை மணி நேரம் நின்றால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலாக உறிஞ்சினால் 5 கிராம், அடியில் உறிஞ்சினால் 15 கிராம். எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், வேகமாகக் குலுக்கினால் செல் உடையும். டிரிப்ஸ் ஏறும் கையிலிருந்தே ரத்தம் எடுத்து அனுப்புவதும் நடக்கும். குளுக்கோஸ் கலந்த அந்த ரத்தத்தில் காலையில் 11 இருந்தவருக்கு மதியம் 7 வரும். “ரத்தம் ஏத்தணுமா?” என்று வார்டிலிருந்து ஆள் ஓடி வரும். மறு கையில் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். மெஷின்கள் எத்தனையோ மாறின. கைக்கும் குழாய்க்கும் நடுவில் நடக்கும் இந்தத் தவறு மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஹெச்.பி. எவ்வளவு குறைவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அந்த ‘ஏன்’ எனக்குப் புரிந்தது ஸ்மியரில். ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துக் காய வைத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்ப்பது. எங்கள் நோய்க்குறியியல் டாக்டரம்மா முதலில் லிம்போசைட்டைத் தேடச் சொல்வார். “சின்ன லிம்போசைட்டோட உட்கருவப் பாருங்க. நல்ல சிவப்பணு அந்த அளவு இருக்கணும். அதவிடச் சின்னதா இருக்கா? நடுவுல வெளுப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருக்கா?” இரும்பு இல்லாத ரத்தத்தில் அணுக்கள் சிறுத்து, நடுவெல்லாம் வெளுத்து, ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் சிவந்து நிற்கும். இடையிடையே பென்சில் மாதிரி நீண்ட செல்கள் கிடக்கும். ஒரு முறை கவனித்துப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டியதும் இறங்கும் பெண்கள் நிறைய வருவார்கள். அவர்களில் ஒரு அம்மாவுக்கு ஹெச்.பி. ஆறைத் தாண்டவே இல்லை. “மாத்திரை தின்னு தின்னு வாய் கசந்துபோச்சு தம்பி, ரத்தம் ஊறவே மாட்டேங்குது” என்றார். ஸ்மியரில் வெளுத்த சிறு செல்களுக்கு நடுவே ஆரஞ்சு மணிகள் நிறைந்த ஈசினோஃபில்கள் வழக்கத்துக்கு மேல் தென்பட்டன.

“தோட்டத்துல செருப்பு போடுவீங்களா?”

“அந்தச் சகதியில செருப்பு எங்க நிக்கும்? வழுக்கி விட்ரும்ல.”

மலம் கொண்டுவரச் சொன்னோம். மெல்லிய ஓட்டுக்குள் நான்கு செல்லாகப் பிரிந்து நிற்கும் நீள்வட்ட முட்டைகள், கொக்கிப்புழு. வெறுங்கால் வழியாக உள்ளே போய்க் குடலில் கவ்விக்கொண்டு தினமும் ரத்தம் குடிக்கும். டாக்டர் அல்பென்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்து, அதே இரும்பு மாத்திரையைத் தொடரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ரத்தம் ஏறியது. ரத்தம் குறைகிறது என்றால் உள்ளே வருவது போதாமல் குறைகிறதா, வெளியே போவது தெரியாமல் குறைகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பதை அந்த அம்மா எனக்குக் காட்டினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் செல் கவுன்ட்டர் வந்தது. நுண்ணிய துளை வழியாகச் செல்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது மின்தடை மாறுவதை வைத்து எண்ணும் முறை. வாலஸ் கூல்ட்டர் அதற்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். எங்களை வந்தடைய அத்தனை காலம் பிடித்தது. ஒரு நிமிடத்தில் தாள் நிறைய எண்கள். பெஞ்சில் இருப்பவர்கள் அப்போதும் ஹெச்.பி.யைத்தான் கேட்டார்கள். எனக்கு அதற்குக் கீழே இருந்த வரிகள் பிடித்துப்போயின. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80-க்குக் கீழே போனால் செல் சிறுத்துவிட்டது. ஆர்.டி.டபிள்யூ. என்பது செல்களுக்குள் அளவு வித்தியாசம் எவ்வளவு என்பது. இரும்பு தீரத் தீரப் புதிதாகப் பிறக்கும் செல்கள் சின்னதாகவும் பழையவை பெரிதாகவும் கலந்து கிடப்பதால் இந்த எண் ஏறும். டாக்டரம்மா லென்ஸ் வழியாகப் பார்த்ததை மெஷின் எண்ணாக்கிக் கொடுத்தது.

ஆனால் மெஷின் எண் தரும், காரணம் தராது. கல்லூரி மாணவி ஒருத்திக்கு வருடக்கணக்கில் இரும்பு டானிக் கொடுத்தும் ஹெச்.பி. பத்தரையிலேயே நின்றது. எம்.சி.வி. 62. இவ்வளவு சிறுத்திருந்தும் சிவப்பணு எண்ணிக்கை 58 லட்சம், இயல்பைவிட அதிகம். இரும்பு இல்லாத உடம்பு இத்தனை செல்களைச் செய்யாது. மென்ட்ஸர் என்பவர் 1973-இல் சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு. எம்.சி.வி.யை மில்லியனில் உள்ள செல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே வந்தால் தாலசீமியா என்னும் பரம்பரைக் கோளாறின் பக்கம். இவளுக்குப் பதினொன்றுகூட வரவில்லை. இது சந்தேகத்தைக் கிளப்பும் கணக்கு, தீர்ப்பு சொல்லும் கணக்கு ஆகாது. ஹெச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் ஏ2 மூன்றரை சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பீட்டா தாலசீமியாவைச் சுமப்பவள். அது நோய் இல்லை. ஆனால் கட்டிக்கொள்பவரும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தாலசீமியா வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அந்த வீட்டில் டானிக் பாட்டிலை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை பார்க்கும்போது அவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை என்று முடிவு செய்தார்கள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தாலசீமியா சுமப்பவருக்கே இரும்பும் குறைந்திருந்தால் ஏ2 இறங்கிக் காட்டி ஏமாற்றும். இரும்புக் கையிருப்பு தெரியாமல் இந்த ரிப்போர்ட்டைப் படிக்கக் கூடாது.

அந்தக் கையிருப்பை அறிய எங்களுக்கு முதலில் கிடைத்த வழி சீரம் அயர்ன். எனக்கு அதன் மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. அன்று மாத்திரை விழுங்கிவிட்டு வந்தால் எகிறும். ரத்தம் எடுக்கும்போது செல் உடைந்தாலும், டெஸ்ட் டியூபை அமிலத்தில் அலசாமல் விட்டாலும் கூடிவிடும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தைச் சிவப்பு மூடிக்கு ஊற்றிவிட்டால் ஈ.டி.டி.ஏ. இரும்பைக் கவ்விக்கொண்டு குறைவாகக் காட்டும். ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்று சொல்லும் டி.ஐ.பி.சி.யும் சேர்த்துப் பார்த்து, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 16 சதவீதத்துக்குக் கீழே என்று வந்தால்தான் ஓரளவு சொல்லலாம். அதிலும் காலை வெறும் வயிற்றில், மாத்திரை விழுங்காமல் வந்தவரா என்று கேட்டுவிட்டே எழுதுவேன்.

இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை வந்ததும் படம் மாறியது. சீரத்தில் அதை அளக்க முடியும் என்று கார்டிஃபில் 1972-இல் காட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் டாக்டர்கள் சீட்டில் எழுதத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிறந்திருந்தது. மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கோ சென்னைக்கோ பஸ்ஸில் ஏற்றுவோம். குதிரில் நெல் தீர்ந்த பிறகும் பானையில் இருக்கும் அரிசியை வைத்துச் சில வேளை உலை கொதிக்கும். ஹெச்.பி. அந்த உலை, ஃபெரிட்டின் குதிர். முதலில் ஃபெரிட்டின் இறங்கும். அது காலியான பிறகு டிரான்ஸ்ஃபெரின் செறிவு, பிறகு ஆர்.டி.டபிள்யூ., எம்.சி.வி., எல்லாம் முடிந்துதான் ஹெச்.பி.

இதைக் கண்ணெதிரே காட்டியவள் தனியார் லேபுக்கு வந்த ஒரு பெண். நர்சிங் படிப்பவள், முடி கொட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தாள். ஹெச்.பி. 12.4. கூட வந்த அம்மா, “ரத்தம்லாம் நல்லாத்தான் இருக்காம், சும்மா போனப் பாத்துக்கிட்டுத் தூங்காமக் கெடக்கா” என்று எழுந்துவிட்டார். ஆனால் ஆர்.டி.டபிள்யூ. இயல்பைத் தாண்டி 16-ஐத் தொட்டிருந்தது. இரும்பு குறைந்தவர்களுக்கு இப்படி ஓர் ஆசை வருவதுண்டு என்பதால் அந்தப் பெண்ணிடம் மெதுவாக, “பல்பம், பச்சரிசி ஏதாச்சும் திங்கத் தோணுதாம்மா?” என்றேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஹாஸ்டலில் பச்சரிசி டப்பா ஒன்று பெட்டிக்கடியில் இருக்கிறதாம். மாதவிடாயும் ஏழெட்டு நாள் போகிறதாம். டாக்டரிடம் சொல்லி ஃபெரிட்டினும் பார்த்தோம், 6. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் கையிருப்பு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முப்பதுக்குக் கீழேயே சிகிச்சை தொடங்கும் டாக்டர்களும் உண்டு. பாயிண்டை மட்டும் பார்த்திருந்தால் அவளை ‘நார்மல்’ என்று அனுப்பியிருப்போம்.

ஃபெரிட்டினும் எல்லா நேரத்திலும் உண்மை பேசாது. காய்ச்சல், மூட்டுவாதம், ஈரல் கோளாறு, உள்ளே எங்காவது கிருமி என்றால் கையிருப்பு இல்லாவிட்டாலும் அது ஏறி நிற்கும். முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு பெரியம்மாவுக்கு ஃபெரிட்டின் 55 வந்தபோது ‘நார்மல்’ என்று வட்டமிட்டுத்தான் ரிப்போர்ட் வந்தது. எம்.சி.வி. 71, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பல மடங்கு அதிகம். இப்படி அழற்சி இருப்பவர்களுக்கு 70 வரைக்கும் குறைவு என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. அதனால்தான் ஃபெரிட்டின் கேட்டு வருபவர்களிடம் காய்ச்சல் உண்டா என்று விசாரிப்பதும், சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரைக் கேட்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டது.

பெண்களுக்கு இரும்பு குறைந்தால் மாதவிடாய், பிரசவம், சாப்பாடு என்று காரணம் கையில் இருக்கும். அறுபது வயது ஆணுக்குக் குறைந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லி விட்டுவிடக் கூடாது. மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் ஹெச்.பி. 7-உடன் வந்தார். பீட்ரூட் ஜூஸும் பேரீச்சையும் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறாராம். ஸ்மியர் பக்கா இரும்புக் குறைவு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தோம், பாசிட்டிவ். மதுரையில் குடலை உள்நோக்கிப் பார்த்தபோது வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்தது. அந்தப் பக்கத்துக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அடைக்காது, ரத்தம் மட்டும் கசிந்துகொண்டே இருக்கும். அறுவை சிகிச்சை செய்துகொண்டு பல வருடம் கடையில் உட்கார்ந்திருந்தார். ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புக் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.

பேப்பரில் வரும் ரத்தசோகைக் கணக்குகளையும் நான் லேப் மேஜையிலிருந்துதான் படிக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது விரல் நுனியில் எடுத்த சொட்டை வீட்டு வாசலிலேயே கருவியில் வைத்துப் பார்த்தது. நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் பார்த்த 2016-18 ஊட்டச்சத்து ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் வந்தது. அதற்குச் சற்று முந்தைய குடும்பநலக் கணக்கெடுப்பு, ஏறக்குறைய அதே வயதுக் குழந்தைகளில் 58.6 சதவீதம் என்றிருந்தது. இந்த வித்தியாசத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குளிர்ந்த விரலைக் குத்தி, ரத்தம் வரவில்லையென்று பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வந்து ஹெச்.பி.யைக் குறைத்துக் காட்டும். கையைத் தொங்கவிட்டு, சூடு பறக்கத் தேய்த்து, தானாகத் திரளும் சொட்டை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். கணக்கெடுக்க வந்து அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? இன்னொன்று, இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்தச் சதவீதம் எண்ணுவது ரத்தசோகையை. அதில் இரும்பால் வந்தது எவ்வளவு, பி12 குறைவால் வந்தது எவ்வளவு, தாலசீமியா எவ்வளவு என்று ஹெச்.பி. ஒன்றை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சிகிச்சை தொடங்கியவர்களைத் திரும்பப் பார்ப்பதும் லேப் வேலைதான். மாத்திரை வேலை செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் ரெட்டிகுலோசைட் என்னும் இளம் சிவப்பணுக்கள் கூடும். ஒரு மாதத்தில் ஹெச்.பி. ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் கேட்பதற்குச் சில இருக்கின்றன. டீயோடு விழுங்குகிறாரா? கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறாரா? மலம் கறுப்பாகிறதா? கறுப்பாகவில்லை என்றால் மாத்திரை அநேகமாகக் கூரை மேல் போயிருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் ஸ்மியரையும் கசிவையும் மறுபடி தேட வேண்டும்.

பெரும்பாலானோர் தவறுவது ஏறிய பிறகு. 12 வந்துவிட்டது என்று ரிப்போர்ட்டைக் காட்டி அன்றே மாத்திரையை நிறுத்துவார்கள். ஆறு மாதத்தில் அதே ஆள் அதே களைப்போடு வருவார். இறங்கும்போது முதலில் இறங்கிய ஃபெரிட்டின், ஏறும்போது கடைசியாகத்தான் ஏறும். ஹெச்.பி. சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வது அதற்காகத்தான். இப்போது யாராவது “எத்தன பாயிண்டு?” என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிட்டு, “டாக்டர்ட்ட காட்டும்போது எம்.சி.வி.யையும் கேளுங்க, வசதிப்பட்டா ஃபெரிட்டின் ஒரு தடவ பாத்துருங்க, மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க” என்று சேர்த்துச் சொல்கிறேன். பாதிப் பேர் காதில் வாங்குவதில்லை. மீதிப் பேர் ரிப்போர்ட்டைத் திருப்பி, மற்ற வரிகளையும் படித்துப் பார்க்கிறார்கள்.